வைரம் பாயாத கட்டை

நம் நாட்டில் ஒருவரை வைய வேண்டுமானால் "மரமே!" என்று சொன்னால் போதும். சொன்னது காதில் விழாமல் நிற்கும் பிள்ளையும், கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேளாத வேலைக்காரனும் மரமாகி விடுகிறார்கள். ஆனால் அதே மரத்தின் பெயரால் புகழவும் நமக்குத் தெரியும். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் கோல் ஊன்றாமல் மலைக்கோயில் படியேறிப் போனால், "வைரம் பாய்ந்த கட்டை, ஐயா!" என்று மூக்கின்மேல் விரலை வைக்கிறோம். இந்தப் புகழ்ச்சியைப் பற்றித்தான் சில நாட்களாக நமக்கு ஓர் ஐயம் தோன்றியிருக்கிறது. வைரம் பாய்ந்தால்தான் உறுதியா? பாயாமலே உறுதியாக நிற்பவர்கள் உலகத்தில் இல்லையா?

முதலில் வைரம் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். வேம்பு, புளி, தேக்கு முதலிய மரங்களின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கண்ணுக்கு எளிதில் தென்படாத மெல்லிய படலம் ஒன்று மரத்தைச் சுற்றிலும் இருக்கிறது. தாவர சாஸ்திரிகள் அதைக் காம்பியம் என்கிறார்கள். மரம் பருப்பதெல்லாம் இந்தப் படலத்தின் கைவேலைதான். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் அது ஓயாமல் நெய்துகொண்டே போகிறது. கட்டையின் குழல்கள் வழியாக வேரிலிருந்து ஜலம் மேலே ஏறுகிறது. பட்டையின் குழல்கள் வழியாக இலை சமைத்த உணவு கீழே இறங்குகிறது. நாளாக நாளாக நடுவிலுள்ள பழைய குழல்கள் ஓய்வு பெறுகின்றன. அவற்றில் பிசினும் சாயமும் ஏறி அடைத்துக்கொள்ள, நிறம் கறுத்து, கெட்டிப்பட்டுப் போகின்றன. இதற்குத்தான் வைரம் என்று பெயர். ஆகவே வைரம் என்பது உண்மையில் மரத்தின் செத்துப் போன பகுதி. கிழவரைப் புகழ்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தைக் கவனிக்காமல் விடவில்லை. உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளிப்புறம் வைரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி வானளாவி நிற்கும் பனையும் தென்னையும் புல்லின் ஜாதிதான். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பனைக்கும் தென்னைக்கும் காம்பியப் படலம் கிடையாது என்று இன்றைய சாஸ்திரமும் அவற்றைத் தேக்கிலிருந்து பிரித்தே வைக்கிறது. பனந்தூண் வாங்குகிறவர்கள் வெளிப்புறத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்களே, அது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஆனால் அகத்தும் வைரமில்லாமல், புறத்தும் வைரமில்லாமல் ஒரு கூட்டம் இருக்கிறது. மழையை மறந்துவிட்ட பாலைவனங்களில் வளரும் செடிகள்தான் அவை. அவற்றுள் ஒன்று நம் ஊர் வேலியோரத்திலேயே குடியேறியிருக்கிறது. அதுதான் சப்பாத்திக்கள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த இந்த விருந்தாளி தென்னிந்தியாவின் நிலங்களை வளைத்துக்கொண்டு பட்ட பாடு படுத்தியதும், 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பூச்சி ஒன்று அதை அரித்து அடக்கியதும் பழைய கதை. இப்போதும் மிச்சம் மீதி அங்கங்கே நிற்கிறது. சென்ற கோடையில் அப்படிக் காய்ந்து கிடந்த ஒரு கள்ளியின் அடித்துண்டை எடுத்துப் பார்த்தோம். சதையெல்லாம் உலர்ந்து உதிர்ந்துபோய், வலைபோல் பின்னிய கட்டை மட்டும் எஞ்சியிருந்தது. கூடை முடைகிறவர் கைபட்ட வேலை போல அவ்வளவு ஒழுங்கு.

அதை எடுத்துக்கொண்டு போய், அறுபது ஆண்டுகளாக உளி பிடித்த நம் தெருத் தச்சாசாரியாரிடம் கொடுத்தோம்.

"ஆசாரியாரே, இது என்ன மரம், சொல்லுங்கள் பார்ப்போம்!"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"ஏங்க ஐயா, இதை மரம்னு சொல்றதா, வலைன்னு சொல்றதா? இழைக்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. ஆனா ஒண்ணு. பாதிக்குப் பாதி ஓட்டையா இருந்தும் வளைச்சா ஒடிய மாட்டேங்குதே! எவனோ கணக்குத் தெரிஞ்சவன் செஞ்ச வேலைங்க!"

ஆசாரியார் சொன்னதில்தான் பாலைவனச் செடியின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கணக்குத் தெரிந்த வேலை! கட்டை என்பது செலவு. ஜலம் என்பது கையிருப்பு. செலவைக் குறைத்துக் கையிருப்பைப் பெருக்க வேண்டும். ஆனால் வீடும் இடிந்து விழக்கூடாது.

இந்தக் கணக்கை மிகப் பெரிய அளவில் போட்டுக் காட்டுவது ஸகுவாரோ என்னும் ராட்சசக் கள்ளி. அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்திலும் அதை அடுத்த மெக்ஸிகோவிலும் பரந்து கிடக்கும் ஸொனோரா பாலைவனத்தில் இது வளர்கிறது. 40 அடி உயரம் சாதாரணம். தூண் போன்ற உடலும், மேல்நோக்கி மடங்கிய கைகளுமாக, யாரோ போலீஸ்காரர் துப்பாக்கியைக் காட்டிக் கையைத் தூக்கச் சொன்னதுபோல் நிற்கும். உடம்பெல்லாம் மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்தால் பூமிக்கு அடியில் ஆழமில்லாமல் பரவியிருக்கும் வேர்கள் ஜலத்தை வாரிக் குடிக்க, ஹார்மோனியத்தின் துருத்தி விரிவதுபோல் மடிப்புகள் விரிகின்றன. வறட்சியில் துருத்தி சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்கும் உடம்புக்குள்ளே முழுக் கட்டையாக ஒரு தூணை வைத்திருந்தால் என்ன ஆகும்? ஆகையால் ஸகுவாரோ தன் கட்டையைத் தனித்தனிச் சட்டங்களாக வட்டமாக நிறுத்தி வைத்திருக்கிறது. சட்டங்களுக்கு உள்ளேயும் சதை, வெளியேயும் சதை, இரண்டிலும் ஜலம். டன் கணக்கில் எடையுள்ள தொட்டியைத் தாங்குவது இந்தக் கழிக் கூடுதான்.

கள்ளி செத்துச் சதை அழிந்தபின் இந்தக் கழிகள் மட்டும் வெயிலில் நிற்கும். அந்தப் பாலைவனத்தின் ஆதிக்குடிகளாகிய டோஹோனோ ஓ'ஓதாம் மக்கள் அந்தக் கழிகளை இணைத்துத் துறட்டியாக்கி, உயிரோடிருக்கும் ஸகுவாரோவின் உச்சியிலுள்ள பழங்களைத் தட்டுகிறார்கள். பழம் பறிக்கும் அந்தக் கோடைப் பருவத்தில்தான் அவர்களுக்குப் புது வருஷம் தொடங்குகிறது. பாட்டனின் எலும்பால் பேரனிடம் பழம் பறிப்பது போன்ற காரியம் இது. ஆனால் பாட்டன் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

உருண்டையான சிறு கள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. ஜலம் ஏறும் குழலுக்குப் பெரிய அபாயம், வறட்சியில் அது வற்றிச் சுவர் ஒட்டிப் போவதும், உள்ளே காற்று புகுந்து அடைத்துக்கொள்வதும்தான். தேக்கு தன் குழலின் சுவரைத் தடித்ததாகக் கட்டிக் காப்பாற்றிக்கொள்கிறது. சிறு கள்ளிகளோ குழலைக் குட்டையாகவும் அகலமாகவும் செய்து, மெல்லிய சுவருக்குள்ளே வளையல் அடுக்கியதுபோலவும் சுருள்கம்பி வைத்ததுபோலவும் அகன்ற பட்டைகளை அமைத்திருக்கின்றன. ஜலம் குறைந்தால் குழல் நீளவாட்டில் சுருங்குகிறது. ஆனால் வளையல்கள் தடுப்பதால் சுவரோடு சுவர் ஒட்டுவதில்லை. காற்றுக்கு இடம் வைக்காமல் இடத்தையே சுருக்கிக்கொள்ளும் தந்திரம்! டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரி மாஸெத் என்பவர் இந்தக் குழல்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வேறு சில கள்ளிகள் இளமையில் இந்தச் சுருள்கம்பிக் கட்டையைச் செய்து, வயதாகி உயரம் ஏறியபின் நார்க் கட்டைக்கு மாறிவிடுகின்றன என்பது இன்னும் விசித்திரம். தனியாளாக இருந்தபோது பாய் தலையணையோடு காலம் தள்ளியவன், குடும்பம் பெருத்ததும் கட்டில் வாங்குகிறான் அல்லவா?

இனி, வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணி அதன் வயதைச் சொல்வது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். பாலைவனத்தில் இந்தப் பாடம் செல்லாது. நம் வீட்டுப் பெண்மணிகள் பீட்ரூட் நறுக்கும்போது ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். வட்டம் வட்டமாக எத்தனை வளையங்கள்! விதைத்து மூன்று மாதத்தில் பிடுங்கிய கிழங்குக்கு எட்டு வயது, பத்து வயது என்று சொல்ல முடியுமா? அந்தக் கிழங்கில் ஒரே காம்பியம் வேலை செய்வதில்லை. ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பல காம்பியங்கள் முளைத்து, ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கட்டையும் கொஞ்சம் பட்டையும் செய்கின்றன. பீட்ரூட்டுக்கும் கீரைத்தண்டுக்கும் உறவுமுறையான ஒரு மரம் மத்திய ஆசியாவின் காராகும் பாலைவனத்திலும் மங்கோலியாவின் கோபி பாலைவனத்திலும் இருக்கிறது. ஸாக்ஸால் என்று பெயர். இலை என்று சொல்லத்தக்க இலை கிடையாது. பச்சைக் கொம்புகளே இலையின் வேலையைப் பார்க்கின்றன. கட்டையோ ஜலத்தில் போட்டால் மூழ்கும் அவ்வளவு கனம். அதன் உள்ளேயும் பீட்ரூட்டின் கதைதான். காம்பியத்துக்கு வெளியே காம்பியமாகப் பிறந்து, கட்டைக்கு நடுவிலேயே உயிருள்ள பட்டை இழைகள் புதைந்து கிடக்கின்றன. வெளிப்பட்டை வெந்தாலும் உணவுப் பாதை முழுவதும் அற்றுப் போவதில்லை. முதல் முழுவதையும் ஒரே பெட்டியில் பூட்டி வைக்காத வீட்டுக்காரனின் விவேகம் இது.

இதே தந்திரத்தை வேறு ஒரு வழியில் கற்றுக்கொண்ட மகா விசித்திரமான செடி ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், நமீப் பாலைவனத்தில் இருக்கிறது. 1859-ல் வெல்விட்ஸ் என்னும் ஆஸ்திரியத் தாவர சாஸ்திரி அங்கோலா நாட்டின் தெற்குக் கோடியில் இதைக் கண்டார். கண்டவுடன் சுடுமணலில் முழங்காலிட்டு, தொட்டால் கனவுபோல் மறைந்துவிடுமோ என்று அஞ்சிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். 1863-ல் லண்டனில் ஹூக்கர் என்ற தாவர சாஸ்திரி அதை விவரித்து நூல் வெளியிட்டு, வெல்விட்ஸியா என்று கண்டவர் பெயரையே சூட்டினார். இந்தச் செடிக்கு ஆயுள் முழுவதற்கும் இரண்டே இலைகள். இளமையிலேயே நுனிக் குருத்து அடங்கிவிடுகிறது. பிறகு மேல்நோக்கி வளர்ச்சி என்பதே இல்லை. இலைகள் மட்டும் அடியிலிருந்து ஆண்டுக்கு நாலைந்து அங்குலம் வீதம் புறப்பட்டுக்கொண்டே இருக்க, நுனி வெயிலில் கருகிக் கிழிந்துகொண்டே போகிறது. அடிக்கட்டையோ பல காம்பியங்களின் வேலையால் பக்கவாட்டில் மட்டும் பருத்து, கவிழ்த்த அண்டாபோல் மணலில் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருக்கும் செடிகளும் உண்டு. வளையம் எண்ண வழியில்லாததால், கட்டையிலுள்ள கரியின் கதிரியக்கத்தை அளந்து இந்த வயதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1990-ல் விடுதலை பெற்ற நமீபியா தேசம் தன் அரசுச் சின்னத்தில் இந்தச் செடியைப் பொறித்துக்கொண்டது. சிங்கமும் கழுகும் போதாவென்று எண்ணாமல், இருந்த இடத்திலேயே இருந்து தாங்கிய ஒரு செடிக்கும் இடம் கொடுத்த அந்தத் தேசத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பாகப் பிரிவினை செய்துகொண்டு பிழைக்கும் செடியும் உண்டு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கிரியோஸோட் என்ற புதர் நெடுங்காலம் வளர்ந்தபின் அதன் அடிக்கட்டை பிளந்து தனித்தனிப் பங்காளிகளாகிறது. ஒரு கிளைக்கு நேர்ந்த வறட்சி மற்றொரு கிளையைத் தொடுவதில்லை. நடுவிலுள்ள மூலக்கட்டை மாண்டு மறைய, பங்காளிகள் வெளிப்புறமாக நகர்ந்து, மணலில் பெரிய வட்டமாக நிற்கிறார்கள். அப்படி ஒரு வட்டத்தின் வயது ஏறக்குறைய 11,700 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாகப் பிரிவினைக்குப் பிறகு இத்தனை காலம் ஒற்றுமையாக வட்டமிட்டு நிற்கும் குடும்பம் நம் தேசத்தில் உண்டா என்பதை நேயர்களே சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டு வந்தபோது நம் மனம் அடிக்கடி ஒருவரிடம் போய் நின்றது. நம் குடும்பத்தில் அத்தைப் பாட்டி ஒருத்தி இருந்தாள். வைரம் பாய்ந்த கட்டை என்று அவளை யாரும் சொன்னதில்லை. ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். ஆனால் கிணறு வற்றிய வருஷங்களில் வீட்டை நடத்தியவள் அவள்தான். இரண்டு அண்டா ஜலத்துக்குக் காவலிருந்து, சொம்புக் கணக்கில் அளந்து கொடுப்பாள். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு. பாத்திரம் அலம்பிய ஜலம் முருங்கைக்கு. அவள் குடிப்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. வானம் இருண்டு முதல் துளி விழுந்ததோ இல்லையோ, வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையும் கூரைத் தாழ்வாரத்தின் அடியில் வரிசையாக வந்துவிடும். எங்கிருந்துதான் அத்தனை வேகம் வருமோ!

அவள் காலமானபோது, பதிவு செய்யும் குமாஸ்தா "வயது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஜாதகம் இருந்தது. பள்ளிக்கூடச் சான்று இருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. "தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது மூத்தவன் என் இடுப்பில் இருந்தான்" என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது 1964-ம் வருஷம். அதைக் கொண்டு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்து, உத்தேசமாக ஓர் எண்ணைச் சொன்னோம். குமாஸ்தாவும் உத்தேசமாகவே எழுதிக்கொண்டார். ஒரு வீட்டையே தாங்கிய கட்டைக்குள் எத்தனை வருஷங்கள் இருந்தன என்பது அவளோடு போய்விட்டது.

ஸகுவாரோவின் வயதையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதன் கழிகளில் நம்பத்தக்க வளையம் இல்லை. ஆனால் முட்கள் உச்சியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. கீழே உள்ள முள் பழையது. மேலே உள்ளது புதியது. 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் கரி உலகெங்கும் காற்றில் கலந்ததல்லவா? அந்தந்த வருஷத்து முள்ளில் அந்தக் கரி படிந்திருக்கிறது. அதை அடையாளமாக வைத்து முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். தனுஷ்கோடிப் புயலை வைத்துப் பாட்டியின் வயதை எண்ணியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வயது தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பிரயோஜனம் இருக்கிறது. இழந்தது எவ்வளவு என்று தெரிந்தால்தானே இருப்பதைக் காப்பாற்றத் தோன்றும்? 2020 ஆகஸ்டு மாதம் மொஹாவி பாலைவனத்தில் மின்னல் மூட்டிய தீ, ஒரே பிரதேசத்தில் சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்களை மாய்த்தது. நம் தண்ணீர்விட்டான் கொடியின் உறவுமுறையான இந்த மரத்திலும் வருஷ வளையம் கிடையாது. சதையும் நாருமாகப் பருத்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று அங்குலமே உயரும். மாண்ட மரம் ஒவ்வொன்றும் எத்தனை வயதுக் கிழவன் என்று கூறுவாரில்லை. 2023 கோடையில் அரிஸோனாவின் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. இரவும் குளிரவில்லை. கள்ளிக்குப் பகல் வெயில் பழக்கம். ஆனால் அது பகலில் மூச்சை அடக்கி இரவில் விடும் ஜாதி. இரவும் கொதித்தால் எப்போது மூச்சு விடுவது? அங்குள்ள தாவரத் தோட்டத்தில் பெரிய ஸகுவாரோக்கள் கை ஒடிந்து விழுந்தன. சில அடியோடு சாய்ந்தன. பாலைவனத்தையே தாங்கியவை, மனிதன் சூடேற்றிய காற்றைத் தாங்கவில்லை.

அழிப்பது போலவே வளர்ப்பதும் மனிதன் கையில்தான் இருக்கிறது. நதிகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் 1960-களிலிருந்து வற்றிப்போன ஆரல் கடலின் உப்புத் தரையில், கஜகஸ்தானத்திலும் உஸ்பெகிஸ்தானத்திலும் ஸாக்ஸால் நட்டு வருகிறார்கள். கடல் இருந்த இடத்தில் கீரைத்தண்டின் உறவினன் வேர்விட்டு, பறக்கும் உப்புத் தூசியை அமர்த்தப் பார்க்கிறான்.

ஸகுவாரோவுக்கு அத்தனை எளிதில் ஆள் பிடிக்க முடியாது. அதன் விதை தனியே வெயிலில் பிழைப்பதில்லை. ஏதேனும் ஒரு செவிலி மரத்தின் நிழலில் விழுந்தால்தான் முளைத்துத் தப்பும். முதல் எட்டு வருஷத்தில் அது வளரும் உயரம் ஒன்று, ஒன்றரை அங்குலந்தான். முதல் பூப்பூக்க ஏறக்குறைய 35 வருஷம். முதல் கை முளைக்க 50 முதல் 75 வருஷம். நூற்றைம்பது வயதில் ஒரு ஸகுவாரோ 2023-ல் சாய்ந்தது என்று வைத்துக்கொண்டால், அது முளைத்தபோது அரிஸோனா ஒரு மாகாணமாகவே ஆகவில்லை, ஆனது 1912-ல். அதே வருஷத்தில் வேறொரு விதை நிழல் பார்த்து விழுந்திருந்தால், அந்த இடத்தை அது நிரப்ப 2173-ம் வருஷம் ஆகும். இப்போது அதன் உயரம் அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ இருக்கும். அதன்மேல் நிழல் விழும்படியாக ஒரு சிறு மரத்தை யாராவது விட்டு வைத்திருக்க வேண்டும்.